மூன்று எழுத்துக் காயம்

ஜூன் 3

காலையில் டி.பி.டி. எடுத்தேன். டூல் பாக்ஸ் டாக். அங்கே டூலும் கிடையாது, பாக்ஸும் கிடையாது. வேலை தொடங்குமுன் எல்லோரையும் வெயிலில் நிறுத்திவைத்து நான் ஒருவன் பேசுவதற்குத்தான் அந்தப் பெயர். இன்றைய தலைப்பு, தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடியுங்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு. கடைசி வரிசையில் ஒருவன் நின்றபடியே தூங்கினான். ஊருக்குப் போனால் பஸ்ஸில் அவனுக்கு உதவும்.

ஓமானுக்கு வந்து ஏழு வருஷம் ஆகப்போகிறது. கடலோரமாக எண்ணெய்க் குழாய் பதிக்கும் தளம் இது. நான் சேஃப்டி ஆபீஸர். சொல்லப்போனால் எழுத்துகளைப் பிரித்துச் சொல்வதுதான் என் உத்தியோகம். பி.பி.இ. என்றால் தலைக்கவசம், கையுறை, பூட்ஸ். பி.டி.டபிள்யூ. என்றால் வேலை செய்ய அனுமதிச் சீட்டு. ஹெல்மெட் போடாதவனைப் பார்த்தால் தூரத்திலிருந்தே "பி.பி.இ." என்று கத்துவேன். அதனால் எனக்கும் அதுவே பெயராகிவிட்டது. "பிபிஇ வர்றான்டா" என்று சாரத்தின் மேலிருந்து குரல் வரும், உடனே பேச்சு நிற்கும். அருளப்பன் என்ற பெயரை இங்கே மேனேஜரும் சம்பளச் சீட்டும் மட்டும்தான் சொல்வது.

கேபின் ஏ.சி.யைச் சரிசெய்துவிட்டார்கள். சத்தம் அதிகம், குளிர் குறைவு.

ஜூன் 4

ஊரிலிருந்து மனைவி ஸ்டெல்லா ஜி.என். அனுப்பினாள், அதாவது குட் நைட். நானும் ஜி.என். அனுப்பினேன்.

ஜூன் 6

நுழைவாயிலில் இருக்கும் பச்சைப் பலகையைத் துடைக்கச் சொன்னேன். 'எல்.டி.ஐ. இல்லாத வேலை நேரம்' என்று மேலே எழுதி, கீழே எண்கள் மாட்டியிருக்கும். தளத்தில் உள்ள எல்லோரும் உழைத்த மணிகளின் கூட்டுத்தொகை அது. இம்மாதக் கடைசியில் பத்து லட்சத்தைத் தொடுகிறது. தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். ஆளுக்கொரு பயணப் பையும் மட்டன் பிரியாணியும் உண்டு. ஆட்கள் இப்போதே பிரியாணியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்.டி.ஐ. என்றால் லாஸ்ட் டைம் இஞ்சுரி. அடிபட்டவன் மறுநாள் வேலைக்கு வர முடியாமல் போனால் அது எல்.டி.ஐ. பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். வந்துவிட்டால் அது எஃப்.ஏ.சி., முதலுதவியோடு முடிந்த சமாச்சாரம். பலகை அசையாது. நடுவில் இன்னும் இரண்டு படிகள் உண்டு. அவற்றை யாரும் சீண்டுவதில்லை.

எது எந்தப் படி என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

ஜூன் 8

பதினொரு மணிவாக்கில் சாரத்திலிருந்து ஒரு இரும்புக் குழாய் நழுவி, கீழே நின்ற கலியமூர்த்தியின் இடது பாதத்தில் விழுந்தது. சாரம் கட்டுகிறவர். ஜெயங்கொண்டம் பக்கம், என் வயதுதான் இருக்கும். பூட்ஸின் முன்பக்கம் இரும்புக் கவசம் உண்டு. குழாய் அதற்கு ஒரு விரற்கடை பின்னால் விழுந்திருக்கிறது. நான் ஓடிப்போனபோது அவர் தரையில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல சார், நீங்க போங்க" என்றார். முகம் வெளுத்திருந்தது.

தளத்து கிளினிக்கில் நர்ஸ் கழுவிக் கட்டுப்போட்டார். எக்ஸ்-ரே எடுக்க நகரத்துக்குப் போக வேண்டும். மேனேஜர் ரகோத்தமன் வந்து எட்டிப்பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்தார்.

"நாளைக்கு ஆள் சைட்ல இருக்கணும் அருளப்பன். வேலை செய்யணும்னு நான் சொல்லல. இருக்கணும்."

எங்கே இருப்பார் என்று கேட்டேன். உங்கள் கேபினில் ஒரு நாற்காலி போடுங்கள் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டிருக்கிறேன். மறைக்கிற சோறாக என் கேபினே ஆகும் என்று நினைக்கவில்லை.

எஃப்.ஏ.சி. என்று எழுதினேன்.

ஜூன் 9

காலையில் பிக்-அப் வண்டியில் கலியமூர்த்தியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு பேர் தோளில் தொங்கியபடி வந்தார். உட்காரவைத்து, ஹெல்மெட் ஸ்டிக்கர்களை நிறம்வாரியாகப் பிரிக்கக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். மறுபடி கலைத்துக் கொடுக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

டீ வரவழைத்தேன். சர்க்கரை வேண்டாம் என்றார்.

ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது இடைஞ்சல்தான். அரை நாள் பேச்சிலேயே போய்விட்டது. மதியத் தடை நேரத்தில், வெயிலில் யாரும் வேலை செய்யக் கூடாத அந்த மூன்று மணி நேரத்தில், இருவரும் சேர்ந்தே சாப்பிட்டோம். அவர் டப்பாவில் புளிக்குழம்பு. எனக்கும் ஊற்றினார். ரூமில் முறைவைத்துச் சமைக்கிறார்களாம்.

ஜூன் 12

கலியமூர்த்திக்குக் கேள்விகள் ஓய்வதில்லை. சுவரில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு தாளையும் எழுத்துக்கூட்டிப் படித்து, இது என்ன சார், அது என்ன சார் என்கிறார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. அவர்களாகக் கேட்காததை நானாகச் சொல்லித்தான் பிழைப்பு ஓடுகிறது.

ரேடார் என்பதே ஒரு சுருக்கம்தான், லேசரும் அப்படித்தான், உள்ளே இருக்கும் சொற்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்றேன். அந்தக் காலத்து ரோமாக்காரன் கல்லில் வெட்டியபோதே சுருக்கித்தான் வெட்டினான், கல்லில் இடமும் இல்லை, கையில் வலுவும் இல்லை என்றேன். பிறகு பட்டாளத்துக்காரர்கள் சண்டைக்கு நடுவே அவசரத்தில் சுருக்கினார்கள், அவர்களைப் பார்த்து ஆபீஸ்காரர்கள் அவசரமே இல்லாமல் சுருக்கினார்கள் என்றேன். சிரித்தார். எனக்கும் உற்சாகம் வந்து, ஏ.டி.எம். மெஷின் என்பது எப்படி மெஷின் மெஷின் ஆகிறது என்பதை விளக்கினேன். எங்கள் தேவாலயத்தில் சிலுவைக்கு மேலே இருக்கும் ஐ.என்.ஆர்.ஐ. என்ற நான்கு எழுத்துகளையும் சொன்னேன். நசரேயனாகிய இயேசு, யூதர்களின் அரசன். அது குற்றச்சாட்டு. ஆணியடித்துத் தொங்கவிட்டவனுக்கு மேலே காரணம் எழுதி மாட்டவேண்டும், சட்டம். அதுவும் ஒரு சம்பவ அறிக்கைதான், அப்போதும் முழுசாக எழுத யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

கலியமூர்த்தி, பெயருக்கு முன்னால் போடுகிற இனிஷியலும் அதே வகைதானே என்றார். யோசித்தால் சரிதான். அப்பனை ஒற்றை எழுத்தாக்கி முன்னால் மாட்டிக்கொள்கிறோம். என் மகள் ஜெனிட்டாவுக்கு நான் ஒரு 'அ'. புள்ளியோடு சேர்த்து.

அவர் காலை உயர்த்தி வைக்க ஸ்டோரிலிருந்து ஒரு முக்காலி எடுத்துவந்தேன். பாதம் நன்றாக வீங்கியிருக்கிறது. வலிக்கிறதா என்று கேட்டேன். முதலில் இருந்த வலி இப்போது இல்லை என்றார். நல்லது.

ஜூன் 14, வெள்ளி

விடுமுறை. துணி துவைத்தேன். நகம் வெட்டினேன். மறுபடி ஒருமுறை துணி துவைத்தேன்.

ஜூன் 16

எனக்குப் பிறந்தநாள். ஜெனிட்டாவிடமிருந்து காலையிலேயே எச்.பி.டி. வந்துவிட்டது. ஸ்டெல்லாவின் எச்.பி.டி. மதியம். கூடவே டி.சி., அதாவது டேக் கேர். முன்பெல்லாம் நாலு பக்கம் கடிதம் எழுதுவாள். பிறகு போன். பிறகு குறுஞ்செய்தி. இப்போது கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை, வயசான என் அம்மா வேறு. மூன்று எழுத்தில் சொல்லிவிட்டால் நேரம் மிச்சம். நானும் டி.ஒய். என்று நன்றி சொல்லிவிட்டேன்.

கலியமூர்த்தி என் போனைப் பார்த்துவிட்டு அது என்ன என்று கேட்டார். ஹேப்பி பர்த் டே என்றேன்.

"உங்களுக்கா சார் பொறந்தநாளு? வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

ஒற்றைக் காலில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் கையைப் பிடித்து, நல்லா இருக்கணும், நோய்நொடி இல்லாம இருக்கணும், பொண்ணுக்கு நல்ல எடத்துல முடியணும் என்று முழுசாகச் சொன்னார். அவர் கை சுட்டது. ஏ.சி. அறையில் உட்கார்ந்தும் கை சுடுகிறது.

சந்தோஷமாக இருந்தது. அதை எழுதிவைக்கிறேன்.

ஜூன் 17

கலியமூர்த்தியை ஏற்றிவரும் பிக்-அப் இன்று தாமதமாகிவிட்டது. நான் மூன்று தடவை கேட் வரைக்கும் போய்வந்தேன், லாரிகளின் டயர்களைச் சோதிக்க.

ஜூன் 19

நர்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நிறம் சரியில்லை, நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றார். அனுப்பினால் அங்கே லீவு எழுதிக்கொடுப்பார்கள். லீவு எழுதினால் எல்.டி.ஐ.

ரகோத்தமனிடம் போனேன். பத்து லட்சத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான், விழா முடிந்த மறுநாளே தன் காரிலேயே அனுப்புவதாகச் சொன்னார். ஆட்களெல்லாம் ஆசையாகக் காத்திருக்கிறார்கள், ஒருவனுக்காக எல்லோர் வாயிலும் மண்ணைப் போடாதீர்கள் என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். ஒரு வாரம் பெரிய விஷயம் இல்லை. ஆஸ்பத்திரியில் போட்டால் பேச்சுத்துணைக்கு யார் இருக்கிறார்கள், மொழியும் தெரியாது. இங்கே ஏ.சி. இருக்கிறது, டீ இருக்கிறது, நான் இருக்கிறேன். அவருக்கே வலி இல்லாதபோது நாம் எதற்கு அவசரப்பட வேண்டும்?

கலியமூர்த்தி மதியம் சாப்பிடவில்லை. டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். ஏ.சி.யின் சத்தம் அவரை எழுப்பிவிடுமோ என்று அதை நிறுத்தினேன். வியர்த்தது. பரவாயில்லை.

ஜூன் 20

ஸ்டெல்லாவிடமிருந்து காலையில் ஜி.எம்., ராத்திரி ஜி.என்., நடுவில் ஒன்றும் இல்லை.

ஜூன் 21, வெள்ளி

சேஃப்டிக்காரன் தொழிலாளர் அறைகளுக்குப் போவது வழக்கமில்லை. போனால் சமைக்கிற ஹீட்டர் வைத்திருக்கிறார்களா, ஒயரில் துணி காயப்போட்டிருக்கிறார்களா என்று பிடிக்க வந்ததாக நினைப்பார்கள். இந்த ஏழு வருஷத்தில் நான் சோதனைக்குத் தவிர அந்தப் பக்கம் போனதில்லை. இன்றைக்குப் போனேன். கையில் ஆரஞ்சுப்பழம் வைத்திருந்தேன், அப்படியாவது நம்பட்டும் என்று.

கதவைத் திறந்ததும் பேச்சு நின்றது. ஒருவன் ஹீட்டரைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினான். அறையில் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். ஊதுபத்திக்குக் கீழே இன்னொரு வாசனை இருந்தது.

கலியமூர்த்தி கட்டிலில் கண் மூடிக் கிடந்தார். போர்வையை இழுத்துப் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. அவருடைய ஊர்க்காரர் சாமிதுரை, பக்கத்துக் கட்டில், எழுந்து எனக்கு இடம் விட்டார். தினமும் ராத்திரி காய்ச்சல் என்றார். விடியற்காலையில் தூக்கிக்கொண்டுபோய்க் குளிப்பாட்டி, பேன்ட் மாட்டி உட்காரவைப்பார்களாம்.

"ஒரு நாளாவது படுத்துக் கெடக்கட்டும்னு பாக்கறோம் சார். விடிஞ்சா உங்க வண்டி வந்துடுது."

உங்க வண்டி என்றார். அது கம்பெனி வண்டி என்று நான் சொல்லவில்லை.

தலையணைக்கடியில் மாத்திரைப் பட்டை இருந்தது. சர்க்கரைக்கு. எத்தனையோ வருஷமாக இருக்கிறதாம். மெடிக்கல் பரிசோதனையில் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரை இருப்பவனுக்குக் காலில் வலி தெரியாமல் போவது நல்ல சகுனம் இல்லை என்பது சாமிதுரைக்குத் தெரிந்திருக்கிறது. டீயில் சர்க்கரை வேண்டாம் என்பவருக்கு என்ன இருக்கும் என்பது எனக்கு மட்டும் தெரியாதா?

கட்டைப் பிரித்தேன். அதை எழுத மாட்டேன்.

மேனேஜருக்குப் போன் போடவில்லை. சாமிதுரையும் நானுமாகத் தூக்கி, தளத்துப் பிக்-அப்பில் கிடத்தி நகரத்துக்கு ஓட்டினேன். ஒன்றரை மணி நேரப் பாதை. டாக்டர் மலையாளி. எப்போது அடிபட்டது என்று கேட்டார். சொன்னேன். காதில் சரியாக விழாததுபோல மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை, சாமிதுரையிடம்தான் பேசினார்.

ஜூன் 22

இடது பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். உள்ளே எலும்பு நொறுங்கி, அப்படியே அழுகியிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்குமாம்.

அறிக்கையைத் திருத்தி எல்.டி.ஐ. என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தலைமை அலுவலகத்துக்கு நேராக அனுப்பினேன். இப்படி எழுதினால்தான் அவருக்கு நஷ்ட ஈடு வரும். எஃப்.ஏ.சி. என்றால் ஒரு சுருள் பஞ்சுக்குத்தான் கணக்கு.

ரகோத்தமன் என் கேபினுக்கே வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. கலியமூர்த்தியின் நாற்காலியில் உட்கார்ந்து, "உங்க கான்ட்ராக்ட் அடுத்த மாசம் முடியுதுல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 23

பலகையின் எண்களை நானே கழற்றினேன். ஏணியைப் பிடித்துக்கொள்ள யாரையும் கூப்பிடவில்லை, அது விதிமீறல். எல்லாப் பூஜ்யங்களையும் மாட்டி முடிக்கும்வரை ஆட்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். பிரியாணியைப் பற்றி ஒருவன் முணுமுணுத்தான், இன்னொருவன் அவன் முதுகில் அடித்தான்.

டி.பி.டி.யில் என்ன பேசுவது என்று தெரியவில்லை. காலில் அடிபட்டால் மறைக்காதீர்கள், சர்க்கரை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். யாரும் தூங்கவில்லை. யாரும் என்னை நம்பியதாகவும் தெரியவில்லை.

ஜூன் 27

கேபினில் வேலை ஓடுகிறது. இடைஞ்சல் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

ஸ்டெல்லாவைப் போனில் கூப்பிட்டேன். என்ன ஆச்சு, உடம்புக்கு ஏதாவதா என்று பதறினாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். சும்மாவா என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டாள். அரை மணி கழித்து அவளே கூப்பிட்டு, சும்மான்னா என்ன என்று கேட்டாள்.

ஜூலை 18

கலியமூர்த்தி இன்றைக்கு ஊருக்குப் போகிறார். ஆஸ்பத்திரிக்கு இதற்குமுன் நாலு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் அவர் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது தூங்குவதாகக் காட்டினார். விமான நிலையத்துக்கு நானே ஓட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

வழியில் பொதுவாகப் பேசினோம். பெண் வினோதா பன்னிரண்டாவது போகிறாள். நஷ்ட ஈட்டில் வீட்டு முன்பக்கம் ஒரு பெட்டிக்கடை வைக்கலாம் என்று சம்சாரம் அஞ்சலை சொல்கிறாளாம். உட்கார்ந்தே பார்க்கிற வேலை. உட்கார்ந்து பழகிவிட்டது என்று அவரே சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். அப்போது கேட்டார்.

"சார், அந்த மூணெழுத்த மொத நாளே எழுதியிருந்தா காலு முழுசா இருந்திருக்குமா?"

மேனேஜர் சொன்னதை ஆரம்பித்தேன். பத்து லட்சம், விழா, தலைமை அலுவலகம். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அவரு சொன்னாரு, செரி. அவரு மேல ஆபீஸ்ல இருந்தாரு. நீங்க என் பக்கத்துலயே ஒக்காந்திருந்தீங்க. உங்களத்தான் கேக்கறேன்."

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் வந்திருக்கும். ஏ.டி.எம். என்றால் என்ன என்று கேட்ட அதே குரலில் கேட்டார். நான் விரித்துச் சொல்லியாக வேண்டும்.

இருந்திருக்கும் என்றேன். பிறகு, எப்படி வந்தது என்று தெரியவில்லை, அதையும் சொன்னேன்.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா நான் மறுபடியும் தனியாயிடுவேன் கலியமூர்த்தி. அதான்."

சக்கர நாற்காலி வந்தது. நான் பிடித்துக்கொள்ள, அவர் மெதுவாக மாறி உட்கார்ந்தார். கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கிப் பலகையில் வைத்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்கு எங்க ரூமுக்கு வந்திருக்கலாமே சார். புளிக்கொழம்பு வச்சிருப்போமே."